ஸ்கிரீன் பிரிண்டிங்: முதலில் காகிதம், எமல்ஷன் அப்புறம்

ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து பார்க்கலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: எமல்ஷன் டப்பாவை (வெளிச்சம் பட்டதும் இறுகி வலையை அடைக்கும் பூச்சு அது) இப்போதைக்கு வாங்காதீர்கள். ஒரு ஸ்கிரீன் (பிரேமில் இழுத்துக் கட்டிய வலை), ஒரு ஸ்க்வீஜி (மையை வலை வழியாக இழுத்து இறக்கும் ரப்பர் பட்டை), கொஞ்சம் தண்ணீர் மை, ஒரு கட்டு மெல்லிய காகிதம் போதும். காகிதத்தில் ஸ்டென்சில் வெட்டி, காகிதத்தின் மேலேயே அச்சடித்துப் பாருங்கள். டி-ஷர்ட், போட்டோ, இரண்டு வண்ணம் எல்லாம் பிறகு.

காரணம் இருக்கிறது. இந்த வேலைக்குள் இரண்டு கைத்தொழில் அடங்கியிருக்கிறது. மை எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று வலையில் அடைப்பு வைப்பது ஒன்று. அந்த வலை வழியாக மையை ஒரே சீராக இறக்குவது இன்னொன்று. இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பித்தால், அச்சு மங்கலாக வரும்போது கோளாறு எதில் என்று பிடிபடாது. வெளிச்சம் கூடிவிட்டதா, எமல்ஷன் காயவில்லையா, மை இறுகிவிட்டதா, கை சாய்ந்துவிட்டதா? பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். காகித ஸ்டென்சிலில் அந்தக் குழப்பமே இல்லை. அதில் கோளாறு என்றால் பெரும்பாலும் கையில்தான், கை பழகினால் சரியாகிவிடும்.

இந்த வரிசையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பல வருடங்களாக அச்சு வேலை செய்யும் அக்கா ஒருவர். எழுத்து வரைவது என்னுடைய பழக்கம். தமிழ் எழுத்தைப் பெரிதாக, தடித்த கோட்டில் வரைந்துகொண்டே இருப்பேன். அதைப் பிரதி எடுக்க வேண்டும், ஆனால் பிரிண்டரிலிருந்து வரும் தட்டையான கருப்பாக இருக்கக் கூடாது, மை காகிதத்தின் மேல் தடிமனாக உட்கார வேண்டும் என்ற ஆசையில்தான் அவரிடம் போனேன். போட்டோ எமல்ஷனில் செய்யலாம் என்ற எண்ணத்தோடு போன என் கையில் ஒரு பேப்பர் கட்டரைக் கொடுத்து, "மொதல்ல வெட்டு" என்றார்.

நான் வெட்டியது "மழை" என்ற சொல். நீல மையில், ஒரு உள்ளங்கை உயரத்தில்.

வெட்டத் தொடங்கியதுமே ஒரு சிக்கல் தெரிந்தது. ம-வின் வலப்பக்கத்தில் கோடு வளைந்து ஒரு அறையை மூடுகிறது. இணைக்கொம்பில் இரண்டு சுழி. இந்த மூடிய இடங்களின் உள்ளே இருக்கும் வெள்ளைத் துண்டு, சுற்றிலும் வெட்டியதும் கழன்று விழுந்துவிடும். சுவரில் எழுதும் தகர ஸ்டென்சிலில் எழுத்தின் குறுக்கே சிறு பாலம் விட்டிருப்பார்களே, அது இதற்காகத்தான். எழுத்தை நேசித்து வரைகிற ஒருவருக்கு அந்தப் பாலம் உறுத்தும். சுழியைச் சுழியாக விடாமல் நடுவில் வெட்டிப்போடும்.

அக்கா அந்தத் துண்டுகளைத் தூக்கிப் போட விடவில்லை. அச்சடிக்கும் காகிதத்தின் மேல் ஸ்டென்சிலை வைத்து, ஒவ்வொரு சுழியின் உள்துண்டையும் அதனதன் இடத்தில் ட்வீசரால் வைக்கச் சொன்னார். எதிலும் ஒட்டாமல் வெறுமனே கிடந்த துண்டுகள் அவை. ஸ்கிரீனை மெதுவாக அதன் மேல் இறக்கி, மையை ஊற்றி ஒருமுறை இழுத்தோம். தூக்கிப் பார்த்தால் ஸ்டென்சிலும் உள்துண்டுகளும் மையின் பிசுபிசுப்பில் வலையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. கீழே காகிதத்தில் பாலமே இல்லாத, முழுச் சுழியோடு ஒரு "மழை". வலைக்கு என்ன வேலை என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. மையை வடிகட்ட மட்டுமல்ல, மிதக்கும் துண்டுகளை அந்தரத்தில் பிடித்துக்கொள்ளவும்தான் வலை.

இந்தச் சிக்கலோடு மனிதர்கள் மல்லுக்கட்டிய கதை பழையது. துணிக்குச் சாயமேற்ற ஜப்பானில் கதகாமி என்ற காகித ஸ்டென்சில்களைப் பயன்படுத்தினார்கள். மல்பெரிக் காகிதத்தை அடுக்காக ஒட்டி, பெர்சிமன் பழச்சாறு ஏற்றி உறுதியாக்கி, அதில் நுணுக்கமாக வெட்டுவார்கள். மிதக்கும் துண்டுகள் நகராமல் இருக்க, இரண்டு தாள்களுக்கு இடையே பட்டு நூலை வலைபோல் ஓட்டி ஒட்டும் முறை அவர்களிடம் இருந்தது. பிற்பாடு இங்கிலாந்தில் சாமுவேல் சைமன் 1907-ல் பட்டுத் துணியைத் திரையாக வைத்து அச்சடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பட்டு இல்லை, பாலியெஸ்டர் இழை. நனைந்தாலும் தொய்யாது, எத்தனை முறை கழுவினாலும் தாங்கும்.

இனி இழுப்பது. இதைத்தான் நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் எழுதி வைத்த குறிப்புகளில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும்.

ஸ்கிரீன் காகிதத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கக் கூடாது. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பிரேமின் மூலைகளுக்கு அடியில் அட்டைத் துண்டு கொடுத்தால் போதும். ஸ்க்வீஜி போகும் இடத்தில் மட்டும் வலை கீழே வளைந்து காகிதத்தைத் தொட வேண்டும், ஸ்க்வீஜி கடந்ததும் வலை தானாக மேலே எழுந்துவிட வேண்டும். அப்படி எழும்போதுதான் மை வலையை விட்டுக் காகிதத்தில் தங்குகிறது. இடைவெளி இல்லையென்றால் வலை ஈரமான மையில் ஒட்டியபடி கிடந்து, ஓரமெல்லாம் கசிந்துவிடும். இதற்கெல்லாம் வலை நன்றாக இழுத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். விரலால் தட்டினால் மத்தளம் மாதிரி கணீரென்று ஒலிக்க வேண்டும்.

ஸ்க்வீஜியின் ரப்பருக்கும் கடினத்தன்மை உண்டு. 60 ஷோர் என்றால் மிருது, மை அதிகம் இறங்கும். 80 என்றால் கடினம், மெல்லிய கோடு கூர்மையாக வரும். நடுவில் இருக்கும் 70 புதியவர்களுக்குச் சரி. ரப்பரின் விளிம்பு மழுங்காமல் சதுரமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பில் சின்ன வெட்டு இருந்தாலும் ஒவ்வொரு அச்சிலும் அந்த இடத்தில் ஒரு கோடு விழும்.

முதலில் ஸ்கிரீனைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, அழுத்தமே இல்லாமல் மையை வலை முழுக்கப் பரப்ப வேண்டும். இதை ஃப்ளட் என்பார்கள். கண்ணிகள் எல்லாம் நிறைந்துவிடும். பிறகு ஸ்கிரீனை இறக்கி, ஸ்க்வீஜியை நம் பக்கமாகச் சாய்த்து ஒரே இழுப்பு. நான் மணிக்கட்டை இறுக்கி முழங்கையால் இழுத்தபோது நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் வெளிறியும் வந்தது. அக்கா பின்னால் நின்று என் தோளைத் தொட்டார். "கையை விட்டுடு. ஒரு கால் பின்னாடி வை. உடம்பு பின்னால போகட்டும், கை அதோட வரட்டும்." அப்படிச் செய்ததும் முழு அகலத்துக்கும் ஒரே அழுத்தம் கிடைத்தது.

அழுத்தம் சரிதானா என்பதைக் காது சொல்லும். மை போதுமான அளவு இருந்து ரப்பர் சரியான கோணத்தில் போனால், வலையை வழித்துக்கொண்டு போகும் ஒரு மெல்லிய சீறல் முதலிலிருந்து கடைசிவரை மாறாமல் கேட்கும். நடுவில் அந்தச் சத்தம் அமுங்கினால் அங்கே மை தேங்கிவிட்டது. கீச்சென்று உயர்ந்தால் மை தீர்ந்துவிட்டது. இழுத்த இடத்தில் வலை சுத்தமாகத் தெரிய வேண்டும். மைப்படலம் இன்னும் மேலே நின்றால் அழுத்தம் குறைவு. அதற்காக வெறிகொண்டு அழுத்தினாலும் ஆகாது. மை ஸ்டென்சிலின் அடியில் புகுந்து எழுத்தைப் பருக்க வைத்துவிடும். சுழியின் உள்ளே இருக்கும் வெள்ளை சுருங்குகிறதா என்று பார்த்தால் போதும், அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

தண்ணீர் மையோடு வேலை செய்யும்போது நிறுத்தக் கூடாது. போன் எடுக்கப் போய்விட்டு வந்தால் மை வலைக்குள்ளேயே காய்ந்து கண்ணியை அடைத்திருக்கும். ஒவ்வொரு அச்சுக்குப் பிறகும் உடனே ஃப்ளட் செய்து வைத்தால் வலை ஈரமாகவே இருக்கும். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரைச் சிறிது கலந்துகொள்ளலாம்.

காகித ஸ்டென்சில் பல அச்சுகளைத் தாங்காது. ஈரத்தில் ஊறி விளிம்பு நெளியத் தொடங்கும். ஆனால் அதற்குள் கை பழகிவிடும். பெரிய வடிவம், ஒற்றை நிறம் என்றால் இதுவே போதும் என்றும் நினைக்கிறேன். 1968 மே மாதத்தில் பாரிஸ் நுண்கலைப் பள்ளியைக் கைப்பற்றிய மாணவர்கள் சுவரொட்டிகளை முதலில் லித்தோகிராஃபி என்ற கல்லச்சு முறையில் அடித்தார்கள். வேகம் போதாமல் ஸ்கிரீனுக்கு மாறினார்கள். அந்தச் சுவரொட்டிகளைப் பாருங்கள்: பெரும்பாலும் ஒரே நிறம், தடித்த உருவம், சில சொற்கள். அவசரமும் கருவியும் சேர்ந்து கொடுத்த வடிவம் அது. எத்தனையோ வருடங்கள் கழித்தும் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது.

கை பழகிய பிறகுதான் எமல்ஷன் டப்பாவைத் திறந்தோம்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பழைய குறிப்புகளில் பைக்ரோமேட் தூளைக் கலந்து எமல்ஷன் செய்யும் முறை இருக்கும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அதிலிருப்பது ஆறு இணைதிற நிலையிலுள்ள குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக் கூடியது, தோலையும் நுரையீரலையும் பதம் பார்க்கும். டையசோ எமல்ஷனும் கலந்தே வரும் போட்டோபாலிமர் எமல்ஷனும் எளிதாகக் கிடைக்கும் காலத்தில் அதற்கு அவசியமே இல்லை. எதைப் பயன்படுத்தினாலும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வலையைச் சோப்பு நீரால் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்கி, நன்றாக உலர்த்தி, மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் எமல்ஷனைப் பூசினோம். எமல்ஷனை இறுக்குவது புறஊதாவும் நீலமும்தான். மஞ்சள் வெளிச்சம் அதை ஒன்றும் செய்யாது. பூசும் கருவியான ஸ்கூப் கோட்டரைக் கீழிருந்து மேலாக ஒரே ஓட்டமாக, வெளிப்பக்கம் (காகிதத்தைத் தொடும் பக்கம்) ஒருமுறை, உள்பக்கம் (மை ஊற்றும் பக்கம்) ஒருமுறை. தடித்துப் பூசினால் நல்லது என்று தோன்றும். உண்மையில் மெல்லிய, சீரான பூச்சுதான் வேண்டும். பிறகு வெளிப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்து இருட்டில் உலர்த்த வேண்டும். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கலாம். ஈரம் இருந்தால் எத்தனை நேரம் வெளிச்சம் காட்டினாலும் கழுவும்போது வழன்று போகும்.

உலர்ந்த எமல்ஷனின் மேல் கருப்பில் எடுத்த படத்தை வைத்து வெளிச்சம் காட்ட வேண்டும். கருப்பு மறைத்த இடம் மட்டும் இறுகாமல், கழுவும்போது கரைந்து மைக்கு வழிவிடும். வெளிச்சம் எவ்வளவு நேரம் என்பதை யாரிடமும் கேட்டுப் பயனில்லை. விளக்கு, தூரம், வலையின் நிறம், எமல்ஷன் வகை, பூச்சின் தடிமன் என்று ஒவ்வொன்றும் அதை மாற்றும். விளக்கின் தூரத்தை இரு மடங்காக்கினால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் ஒரு ஸ்கிரீனைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். ஒரே படத்தை வரிசையாக வைத்து, கருப்பு அட்டையை 2 நிமிடத்துக்கு ஒருமுறை நகர்த்தினால் 2, 4, 6, 8, 10 நிமிடப் பட்டைகள் கிடைக்கும். கழுவிப் பார்த்தால் குறைந்த நேரப் பட்டை கொழகொழவென்று முழுதும் கரைந்துவிடும். அதிக நேரப் பட்டையில் மெல்லிய கோடுகள் திறக்கவே திறக்காது. இரண்டுக்கும் நடுவில் நம் விடை இருக்கும். அதை பிரேமின் மேலேயே எழுதி வையுங்கள்.

இன்னொன்று, எழுத்து அச்சடிப்பவர்களுக்கு. ட்ரான்ஸ்பரன்ஸி ஷீட்டில் கருப்பாக எடுத்த பாசிட்டிவை ஸ்கிரீனின் வெளிப்பக்கத்தில் ஒட்டும்போது அது நம் கண்ணுக்கு இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்க வேண்டும். "உள்பக்கத்துலேர்ந்து பாத்தா நேரா படிக்க வரணும்" என்று அக்கா ஒவ்வொரு முறையும் சொல்வார். அதன் மேல் கண்ணாடிப் பலகையை வைத்து அமுக்க வேண்டும். பாசிட்டிவுக்கும் எமல்ஷனுக்கும் இடையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிச்சம் பக்கவாட்டில் புகுந்து கோட்டின் விளிம்பைத் தின்றுவிடும்.

கழுவும் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வெளிச்சம் காட்டிய ஸ்கிரீனில் படம் மங்கலாகத்தான் தெரியும். இரண்டு பக்கமும் தண்ணீரைத் தெளித்து ஒரு நிமிடம் பொறுத்திருந்தோம். எழுத்து இருந்த இடம் மெல்ல உப்பி, எமல்ஷனின் பச்சை நிறம் வெளிறி, வழுவழுப்பானது. மெதுவாகத் தண்ணீர் அடித்ததும் தடித்த கோடுகள் முதலில் திறந்தன. சுழிகளின் ஓரம் கடைசியில். வெளிச்சத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தால் எழுத்துக்குள் கண்ணி கண்ணியாகச் சதுரங்கள். சில சதுரங்களில் மட்டும் மெல்லிய படலம் பளபளத்தது. அது கரையாமல் மிஞ்சிய எமல்ஷன். அப்படியே விட்டால் காய்ந்து மையை மறித்துவிடும். அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். உலர்ந்த பிறகு வேண்டாத இடத்தில் தெரியும் ஊசித்துளைகளை எமல்ஷன் தொட்டு அடைத்து, பிரேமின் உள்ளோரமெல்லாம் டேப் ஒட்டினால் ஸ்கிரீன் தயார்.

வலையின் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 43டி என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 43 இழை, அங்குலக் கணக்கில் 110. துணிக்கு ஏற்றது, மை நிறைய இறங்கும். ஆனால் ஒரு இழைக்கும் அடுத்ததற்கும் சுமார் 0.23 மில்லிமீட்டர் இருப்பதால், அதைவிட மெல்லிய கோடு ஒரு இழையின் மேலேயே விழுந்து காணாமல் போகலாம். சாய்ந்த கோடுகளின் விளிம்பு ரம்பம் போல் வரும். 77டி, 90டி காகிதத்துக்கு நல்லது. எமல்ஷனில் செய்த "மழை" 77டி வலையில்தான் என் கைக்கோட்டின் நெளிவை அப்படியே காட்டியது. முதல் ஸ்கிரீனாக ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், துணியில் அடிப்பதே குறி என்றால் தவிர, 77டி வாங்குங்கள்.

இரண்டாவது நிறத்துக்கு வந்தபோது "மழை"யின் கீழ்ப்பாதிக்கு அடியில் வரும்படி ஒரு அகன்ற மஞ்சள் பட்டையைச் சேர்த்தேன். வெளிர் நிறம் முதலில், அடர்நிறம் பிறகு. நீல மையில் அடியிலுள்ள நிறம் ஊடே தெரிய வைக்கும் ட்ரான்ஸ்பரன்ட் பேஸ் கலந்திருந்ததால் எழுத்தின் கீழ்ப்பாதி மஞ்சளோடு சேரும் இடத்தில் பச்சையானது. இரண்டு ஸ்கிரீனில் மூன்று நிறம்! அந்தப் பச்சை டப்பாவிலிருந்து வந்ததில்லை என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். இரண்டு நிறமும் சரியாகப் பொருந்த எளிய வழி உண்டு. ஸ்கிரீனைக் கீல் கிளாம்பில் மாட்டி, மேசையில் ஒரு ட்ரான்ஸ்பரன்ஸி ஷீட்டை ஒரு பக்கம் மட்டும் டேப் போட்டு ஒட்டி, அதன் மேல் இரண்டாவது நிறத்தை அச்சடியுங்கள். மஞ்சள் அடித்த காகிதத்தை ஷீட்டுக்கு அடியில் செருகி, பொருந்தும்வரை நகர்த்தி, அந்த இடத்தில் அட்டைத் துண்டுகளால் மூலைத் தடுப்பு ஒட்டிவிட்டு ஷீட்டை எடுத்துவிடலாம். அடுத்து வரும் ஒவ்வொரு காகிதமும் அந்தத் தடுப்பில் முட்டி உட்காரும்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1962-ல் நடிகை மர்லின் மன்றோவின் முகத்தைத் திரும்பத் திரும்ப ஸ்கிரீனில் அடித்து, இரண்டு பாதியாகச் செய்த படைப்பை முன்பு படத்தில் பார்த்தபோது வலப்பக்கப் பாதி எனக்குப் புரிந்ததே இல்லை. சில முகங்களில் கருப்பு அப்பிக் கிடக்கும், ஓரத்துக்குப் போகப் போக வெளிறி அழிந்துவிடும். இப்போது பார்த்தால் மை கூடின இழுப்பும் மை தீர்ந்த இழுப்பும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஸ்க்வீஜி எங்கே தேங்கியது என்றுகூட ஊகிக்க முடிகிறது. நல்ல அச்சு, கெட்ட அச்சு என்று நாம் பிரித்துத் தள்ளுவதை அவர் வரிசையாக அடுக்கி, ஒரு முகம் மறைவதை அதிலேயே காட்டியிருக்கிறார்.

துணியைப் பற்றிச் சுருக்கமாக: பிளாஸ்டிசால் மை காற்றில் காயாது, மைப்படலம் முழுவதும் சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால்தான் இறுகும். மேலே தொட்டுப் பார்த்து முடிந்தது என்று நினைத்தால் முதல் சலவையிலேயே விரிசல் விடும். கருப்புத் துணியில் நிறம் எடுபட, அடியில் வெள்ளை ஒரு பூச்சு தேவை. அது இன்னொரு ஸ்கிரீன், இன்னொரு பொருத்தம். அதனால்தான் டி-ஷர்ட்டில் ஆரம்பிக்க வேண்டாம் என்கிறேன்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய மையை டப்பாவில் வழித்துப் போட்டு, வலையைத் துணியால் துடைத்து, அதற்குப் பிறகே கழுவ வேண்டும். மையைச் சாக்கடையில் விடக் கூடாது. எமல்ஷனை அகற்றும் திரவத்தைப் பூசினால் சில நிமிடங்களில் இளகிவிடும். அந்தத் திரவத்தை வலையிலேயே காய விட்டால் எமல்ஷன் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் முந்தைய படத்தின் சாயல் வலையில் லேசாகத் தங்கும். கண்ணி திறந்திருந்தால் அது அடுத்த அச்சைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை.

அடுத்து போட்டோவைப் புள்ளிகளாக உடைத்து அச்சடிக்கப் போகிறேன். வலை எண்ணை நாலரையால் வகுத்தால் அங்குலத்துக்கு எத்தனை வரிசைப் புள்ளி தாங்கும் என்பது அக்காவின் கணக்கு. 90டி என்றால் அங்குலத்துக்கு 230 இழை, ஆக சுமார் 50 வரிசை. நான் 45-ல் தொடங்குகிறேன். புள்ளி வரிசையை 22.5 டிகிரி சாய்த்து வைத்தால் வலையின் இழையோடு மோதி அலையலையாகத் தெரியும் கோளாறு குறையுமாம். கால் பங்கு நேராகவும் மீதியைச் சாய்த்தும் ஒரே ஸ்கிரீனில் போட்டு, இரண்டையும் அருகருகே பார்த்துவிட்டு எழுதுகிறேன்.